பிறந்தநாளுக்கு எட்டுப் பேர், ஒரே நாள்: சைட்டியோ போகலாமா, ரங்கூனுக்குள்ளேயே சாப்பிட்டுச் சுற்றலாமா?

சோ_செயின் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம் மக்களே. தை மாசக் கடைசியில் எனக்குப் பிறந்தநாள், இந்த வருஷம் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்து விழுந்திருக்கிறது. போன தடவை ஓட்டல் பஃபே. ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டே கேக் வெட்டி, ஆளுக்கு நாலு ஃபோட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ரசஞ்சோறு கேட்டு வாங்கித் தின்ற கதைதான். இந்த முறை அது வேண்டவே வேண்டாம். கூட்டாளிகளோடு காலையில் கிளம்பணும், போகிற வழியெல்லாம் சாப்பிடணும், ராத்திரி பத்துக்குள் அவரவர் வீட்டில் இருக்கணும்.

என்னையும் சேர்த்து எட்டுப் பேர். சிக்கலே இந்த எட்டுப் பேர்தான். இரண்டு பெண்கள் வெள்ளிக்கிழமை சைவம், அதில் ஒருத்தி முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டாள். ஒருத்தர் நம்ம சூலியா (தமிழ் முஸ்லிம்) பாய், ஹலால் இல்லாத இடத்தில் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டார். இரண்டு பேர் பர்மாக்காரர்கள், மாட்டுக்கறி கிடையாது, ஆனால் ஙாப்பி (புளிக்கவைத்த மீன், இறால் விழுது) வாசம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. மிச்சம் மூன்று பேர் எதையும் தின்போம்.

என் மனசில் இருப்பது சைட்டியோ, மலை உச்சியில் தங்க இலை ஒட்டின பாறை நிற்கிற புத்தக் கோவில். தங்கப்பாறையைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, மலை ஏறின மாதிரியும் ஆச்சு. ஒரே நாளில் போய்வர முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

தாட்டோன்_தம்பி:

முடியும் அண்ணே, ஆனால் உடம்பு தாங்காது. ரங்கூனிலிருந்து கின்பூன் அடிவாரத்துக்கு பஸ்ஸில் நாலு ஐந்து மணி நேரம். அங்கிருந்து மேலே லாரிதான். லாரியின் பின்னால் குறுக்கே பலகை போட்டிருப்பார்கள், ஒரு பலகைக்கு ஆறு பேரைத் திணிப்பார்கள், வண்டி நிறைகிற வரைக்கும் நகராது. அப்புறம் முக்கால் மணி நேரம் மலை வளைவில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் விழுந்து எழுந்து போகணும். கேக் கொண்டுபோனால் அது சட்டையில்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால் ஒரு ராத்திரி மேலே தங்குங்கள். காலையில் வெயில் ஏறுமுன் பாறையைப் பார்த்துவிட்டு இறங்கி, எங்கள் தாட்டோன் வழியாக மோல்மேன் போங்கள். 2005-இல் சல்வீன் பாலம் வந்த பிறகு மொத்தமாவில் இறங்கிப் படகு பிடிக்கிற வேலையும் இல்லை. மாந்தலே பேச்சு, ரங்கூன் பீத்தல், மோல்மேன் சாப்பாடு என்று பர்மாக்காரன் சும்மாவா சொன்னான்? சாப்பாட்டுக்காகத்தான் பயணம் என்றால் தெற்கே வாங்கள்.

பெகுப்_பொண்ணு:

எட்டில் எத்தனை பேர் பெண்கள்? தங்கப்பாறையைத் தொட்டுத் தங்க இலை ஒட்டப் பெண்களை விடமாட்டார்கள் என்று தெரியுமா தெரியாதா? ஆம்பளைகள் எல்லாம் உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்கணும். கோவிலுக்குப் போகிறபோது அது அவர்கள் வழக்கம் என்று பேசாமல் இருந்துவிடலாம். கூட்டாளிகளோடு பிறந்தநாள் கொண்டாட அதே இடத்தைத் தேடிப்போகணுமா?

சோ_செயின்:

மூன்று பெண்கள். அது தெரியும் அக்கா, ஆனால் இப்படி யோசிக்கவில்லை. சரி, சைட்டியோ கொஞ்சம் ஆடுகிறது.

சூலியா_நானா:

அந்த பாய் நான்தான். பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேனா? போன மாசம் ஆற்றுக்கு அக்கரை டல்லாவுக்குப் போகிற படகில் என் காசில் வாங்கின தர்பூசணியை முக்கால்வாசி முடித்தது யார் என்று இங்கே எழுதட்டுமா?

மீன், முட்டை, காய்கறி எதிலும் எனக்குத் தகராறு இல்லை. பன்றிக்கறி வேகிற சட்டியிலேயே என் நூடுல்ஸையும் முக்கி எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். அப்புறம் உன் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை, அன்றைக்கு எனக்கு ஜும்மா இருக்கிறது, மதியம் பன்னிரண்டரைக்கு நான் பள்ளிவாசலில் இருக்கணும். சைட்டியோ லாரியில் என்னை ஏற்றிவிட்டால் எங்கே போய்த் தொழுவேன்? யாரும் என்னைக் கேட்கவே இல்லை, சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு.

இன்செயின்_வாசி:

வெள்ளிக்கிழமைதானே எல்லாத் தலைவலிக்கும் காரணம், சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். சைவமும் இல்லை, ஜும்மாவும் இல்லை.

சோ_செயின்:

சனிக்கிழமை என்றால் இன்னொருத்தன் பெருமாளுக்கு விரதம் என்று நிற்பான். ஞாயிறு என்றால் பர்மாக்காரப் பெண்ணுக்கு வேலை. பிறந்தநாளைப் பிறந்த நாளிலேயே கொண்டாடு என்று அம்மா வேறு. வெள்ளிதான்.

இன்செயின்_வாசி:

அப்போ சைட்டியோவும் மோல்மேனும் தானாகவே போச்சு. தவிர, பையன்கள் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு இப்போதெல்லாம் யோசிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள் இல்லையா, ஒவ்வொரு சாவடியிலும் அட்டையைக் காட்டு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்டால் பிறந்தநாள் கொண்டாடப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு நிற்க எவனுக்கும் பிரியம் இல்லை.

மட்டுறுத்துநர்:

பயணப் பாதுகாப்பு வரைக்கும் பேசலாம். அதற்குமேல் வேண்டாம், தயவுசெய்து. பிறந்தநாளுக்குத் திரும்புவோம்.

அனோரதா_வீதி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பி சோ செயின், நீங்கள் எல்லாரும் தலைகீழாக யோசிக்கிறீர்கள். முதலில் ஊரை முடிவு பண்ணிவிட்டு அங்கே என்ன கிடைக்கும் என்று பார்க்கிறீர்கள். நம்ம ஊர்ச் சாப்பாடு அப்படி வேலை செய்யாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. மொயிங்கா, அதாவது மீன் சூப் ஊற்றின சேமியா, காலைச் சாப்பாடு, நல்ல கடையில் ஒன்பது மணிக்கு அடிச்சட்டி தெரிய ஆரம்பித்துவிடும். பதினோரு மணிக்கு மொயிங்கா கிடைக்கிறது என்றால் அது யாரும் வாங்காத மொயிங்கா. டான்பௌ, நம்ம பிரியாணிதான், மதியத்துக்கு, முதல் அண்டா திறந்த அரை மணிக்குள் போனால்தான் சோறு உதிரியாக இருக்கும். சமூசா சாலட், பலாட்டா, டீ எல்லாம் சாயங்காலம். கம்பியில் குத்திச் சுடுகிற சமாச்சாரங்கள் இருட்டின பிறகு. ஆக சாப்பாட்டு நேரத்தை முதலில் வரிசையாக எழுது, அதற்கு நடுவே எவ்வளவு இடைவெளி கிடைக்கிறதோ அதில் பயணத்தைப் போடு. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் மொயிங்காவும் போச்சு, டான்பௌவும் போச்சு, வழியில் நிறுத்துகிற கடையில் ஆறிப்போன வறுத்த சோற்றைத் தின்றுவிட்டு அதைப் பிறந்தநாள் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் கணக்கு எனக்கு இப்படித் தெரிகிறது. காலை ஆறரைக்கு மொயிங்கா. சைவக்காரர்களுக்குப் பக்கத்திலேயே தோசை வண்டி இருக்கிற மூலையாகப் பார். நம்ம அனோரதா வீதியிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் தோசைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் காளி கோவிலில் உன் பேருக்கு ஒரு அர்ச்சனை. 1871-இல் நம்ம ஆட்கள் கட்டின கோவில், பிறந்தநாள் அன்றைக்கு வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புவது நன்றாக இருக்காது. எட்டரைக்குப் பன்சோடான் துறையில் டல்லா படகு. திரும்பி வந்து பதினொன்றரைக்கு இறங்கினால் நானா ஜும்மாவுக்குப் போகலாம், மற்றவர்கள் தெய்ஞ்சி மார்க்கெட்டில் சுற்றலாம். ஒன்றரைக்கு எல்லாரும் மதியச் சாப்பாடு. அதற்குப் பிறகு ஊரைச் சுற்றி வருகிற வட்ட ரயில். சாயங்காலம் ஷ்வேடகோன் பகோடா. கடைசியாக டீக்கடை. அரை மணிக்கு மேல் எங்கேயும் காத்திருக்கத் தேவையில்லை, யாரும் யாருக்காகவும் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

தாட்டோன்_தம்பி:

டல்லாவும் ஒரு பயணமா அக்கா? பத்து நிமிஷப் படகு. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் போய்வருகிறார்கள்.

அனோரதா_வீதி:

தினமும் போகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். எட்டுக் கூட்டாளிகள் மேல்தளத்தில் நின்று போனால் அது வேறு. ஜப்பான் அரசு 2014-இல் கொடுத்த செர்ரி கப்பல்கள் அவை, நல்ல அகலம். அதுவும் தை மாசத்தில் ஆற்றில் கடற்காக்கைகள் வந்திருக்கும். பொரித்த தீனி வாங்கி மேலே வீசினால் கைக்கு ஒரு முழம் தள்ளி வந்து கவ்விக்கொண்டு போகும். மோல்மேனில் இதற்குப் பதில் என்ன வைத்திருக்கிறாய்?

தாட்டோன்_தம்பி:

டுரியான்.

அனோரதா_வீதி:

தை மாசத்திலா?

சூலியா_நானா:

அக்கா போட்ட கணக்கு எனக்குச் சரி. டல்லாவில் இறங்கினதும் மூன்று சக்கர வண்டிக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள். துவாந்தே போகலாம், மண்பானை செய்கிற இடம் காட்டுகிறேன், பாம்புக் கோவில் காட்டுகிறேன் என்பார்கள். போனால் நல்ல இடங்கள்தான், மலைப்பாம்புகள் சன்னல் விளிம்பில் சுருண்டு படுத்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அன்றைக்குப் போனால் என் ஜும்மா போய்விடும். டல்லாவிலேயே ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடலாம்.

பெகுப்_பொண்ணு:

தன்லின் பக்கம் ஏன் யாரும் பேசவில்லை? பீலிக்கான் கோவிலில் அங்காள ஈஸ்வரியையும் முனீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு, அப்படியே சௌதான் போய் ஆற்றுக்கு நடுவே இருக்கிற எலே பகோடாவுக்குப் படகில் போகலாம். அங்கே கெளுத்தி மீன்களுக்குத் தீனி போடுவதைச் சின்னப் பிள்ளைகள் பார்த்தால் வீட்டுக்கு வரமாட்டார்கள்.

சோ_செயின்:

அம்மாவும் பீலிக்கான்தான் சொன்னார். ஆனால் காலையில் கெளுத்தி மொயிங்கா தின்றுவிட்டுப் போய்க் கெளுத்திக்குத் தீனி போடுவது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. பீலிக்கானுக்குத் தீமிதி சமயத்தில் எல்லாரும் எப்படியும் போவோம்.

கடற்கரை_பர்மாக்காரர்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். 1964 வாக்கில் கப்பலேறி வந்த குடும்பம். இரண்டாவது கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டி முன்னால் நின்று அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) முட்டை மசாலாவும் தின்பதுதான் எங்கள் கூட்டாளிகளின் பிறந்தநாள், இன்றைக்கு வரைக்கும். உங்கள் மொயிங்கா பேச்சைப் படித்தால் வயிறு எரிகிறது.

சைவக்காரர்களுக்குத் தோசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எட்டுப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆறு பேர் மொயிங்கா, இரண்டு பேர் தோசை என்றால் அந்த இரண்டு பேருக்கு விருந்தாளி மாதிரி இருக்கும். இங்கே நாங்கள் மீன் போடாமலே வாழைத்தண்டு சூப் வைக்கிறோம். கடலைமாவை வெறுஞ்சட்டியில் வாசம் வருகிற வரைக்கும் வறுத்துக்கொள்ளுங்கள், பச்சை வாசம் போகவில்லை என்றால் எல்லாம் கெட்டது. பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், மஞ்சள், நசுக்கின எலுமிச்சைப்புல் எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கி, தண்ணீர் விட்டு, மாவைக் கரைத்து ஊற்றி, நறுக்கின வாழைத்தண்டையும் சின்ன வெங்காயத்தை முழுசாகவும் போட்டுக் கொதிக்க விடுங்கள். சேமியா மேல் ஊற்றிப் பேஜோவை (பொரித்த பருப்புத் தட்டை) நொறுக்கிப் போட்டால் மீன் எங்கே என்று யாரும் தேடமாட்டார்கள். ஃப்ளாஸ்கில் கொண்டுபோகலாம்.

சோ_செயின்:

அண்ணே, இது பிரமாதம். பேஜோ தெருக்கடையில் வாங்குவது சைவமா என்று கேட்டுக்கொள்ளணும், எண்ணெய் எதில் பொரித்தார்களோ. அதையும் வீட்டிலேயே போட்டுவிடச் சொல்கிறேன்.

அனோரதா_வீதி:

நல்ல வேளை சொன்னாய். நம்ம ஊரில் சைவம் என்று கேட்டு வாங்கினாலும் கவனம் வேண்டும். கீரைப் பிரட்டலில் காய்ந்த இறால் தூள் இருக்கும், தக்காளி சாலட்டில் மீன் சாறு இருக்கும், லப்பே தோக் என்கிற தேயிலை சாலட்டில்கூட இறால் போடுவார்கள். கறி இல்லை என்று அவர்கள் சொல்வது உண்மைதான், கண்ணுக்குத் தெரிகிற கறி இல்லை. கடைக்காரரிடம் சைவம் என்று ஒரு வார்த்தையில் நிறுத்தாமல் இறால், மீன் சாறு, ஙாப்பி மூன்றும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

மதியத்துக்கு ஒரே தெருவில் இரண்டு கடை பார். ஒன்றில் டான்பௌ, அது ஹலால் கடையாகத்தான் இருக்கும், கூடவே புளிப்பு சூப்பும் புதினா மிளகாயும் வரும். பக்கத்தில் வாழையிலைச் சோற்றுக்கடை. மொகல் தெரு, அனோரதா வீதி பக்கம் இது கஷ்டமே இல்லை. சைவக்காரர்கள் சாம்பாரை முடித்துவிட்டு டான்பௌ கடைக்கே வந்து ஃபலூடாவில் சேர்ந்துகொள்ளட்டும்.

இன்செயின்_வாசி:

பணம் யார் போடுவது? இதைப் பேசாமல் போனால் கடைசியில் சண்டை வரும்.

சோ_செயின்:

இதென்ன கேள்வி. பிறந்தநாள்காரன்தான் டகா, செலவைக் கொடுக்கிறவன். நான் போடுகிறேன்.

இன்செயின்_வாசி:

விலை விற்கிற விலையில் எட்டுப் பேருக்கு ஒரு நாள் முழுக்க மூன்று வேளையும் நடுவிலே டீயும் படகும் என்றால் உன் சம்பளத்தில் பாதி போய்விடும். நாங்கள் எங்கள் ஆபீஸில் வைத்திருக்கிற முறை இது: காலைச் சாப்பாடு மட்டும் பிறந்தநாள்காரன். அது தானம் மாதிரி, வயிறு காலியாக வருகிறவனுக்கு முதல் சோறு அவன் கையால். மதியம் எல்லாரும் பங்கு. டீக்கடைக் காசு அன்றைக்கு யார் கடைசியாக வந்து சேர்ந்தானோ அவன் தலையில். எட்டு மணிக்குச் சொன்னால் ஏழே முக்காலுக்கு எல்லாரும் நிற்பார்கள், பாருங்கள்.

பெகுப்_பொண்ணு:

பர்மாக்காரர்கள் பிறந்தநாளில் போங்கிகளுக்கு (புத்த பிக்குகளுக்கு) சாப்பாடு கொடுப்பதும் காலையில்தான், மதியத்துக்கு மேல் அவர்கள் சாப்பிடமாட்டார்கள் இல்லையா. உங்கள் இரண்டு பர்மாக் கூட்டாளிகளும் காலைச் செலவு உன்னுடையது என்றால் சந்தோஷப்படுவார்கள்.

சூலியா_நானா:

கடைசியாக வருகிறவன் டீக்காசு என்றால் ஜும்மா முடிந்து வருகிற என்னைக் குறிவைத்த மாதிரி இருக்கிறதே.

இன்செயின்_வாசி:

காலையில் கடைசியாக வருகிறவர், நானா. பயப்படாதீர்கள்.

சோ_செயின்:

கேக் விஷயம். அதைச் சுமந்துகொண்டு படகிலும் ரயிலிலும் போக முடியாது. வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால் கரன்ட் முறைவைத்து வருகிற நிலைமையில் கிரீம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெகுப்_பொண்ணு:

சனுவின் மக்கின் செய்யச் சொல். ரவை, தேங்காய்ப்பால், சர்க்கரை, திராட்சை, மேலே கசகசா. கீழேயும் மேலேயும் தணல் வைத்துச் சுட்டால் மேல்பக்கம் செந்தவிட்டு நிறத்தில் பிடித்துக்கொள்ளும், நாள் முழுக்கப் பையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வழக்கமாக முட்டை போடுவார்கள், போடாமலும் வரும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் அவ்வளவுதான். துண்டு போட்டு டப்பாவில் அடுக்கி எடுத்துப் போ. மெழுகுவத்தி ஏற்றணும் என்றால் ரயிலில் வேண்டாம், சன்னல் காற்றில் நிற்காது.

அனோரதா_வீதி:

ஷ்வேடகோனில் நீ பிறந்த கிழமைக்கு என்று இருக்கிற மூலையில் தண்ணி ஊற்றுவாயா? பர்மாக் கூட்டாளிகள் கட்டாயம் இழுத்துக்கொண்டு போவார்கள். நீ என்ன கிழமை பிறந்தாய்?

சோ_செயின்:

ஜாதகத்தில் புதன் என்று இருக்கிறது. அப்போ புதனுக்குரிய யானை.

அனோரதா_வீதி:

காலையா, மதியத்துக்கு மேலா? புதனுக்கு மட்டும் இரண்டு மூலை. காலையில் பிறந்தவர்களுக்குத் தெற்கு மூலையில் தந்தமுள்ள யானை. மதியத்துக்கு மேல் என்றால் ராகு, வடமேற்கு, தந்தம் இல்லாத யானை. மாற்றி ஊற்றிவிட்டு வந்தால் உன் கூட்டாளிகள் அடுத்த பிறந்தநாள் வரைக்கும் சிரிப்பார்கள். கணக்கு வயதுக்கு ஒரு குவளை, அதற்கு மேல் ஒன்று.

சோ_செயின்:

அம்மாவைக் கேட்டேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமாம். அப்போ ராகு. அம்மா முகம் கொஞ்சம் மாறிவிட்டது, ராகு என்ற பேரைக் கேட்டதும். தண்ணி ஊற்றினால் நல்லதுதான் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சூலியா_நானா:

நீங்கள் ஊற்றுங்கள். மக்ரிபை முடித்துவிட்டு நேராக டீக்கடைக்கு வந்து மேசை பிடித்து வைக்கிறேன். எட்டுப் பேருக்கு மேசை பிடிப்பதும் ஒரு புண்ணியம்தான்.

இன்செயின்_வாசி:

வட்ட ரயில் பற்றி எங்கள் ஊர்க்காரனாக ஒரு வார்த்தை. மொத்தச் சுற்று 45.9 கிலோமீட்டர், 39 நிலையம், முழுசாகச் சுற்ற மூன்று மணி நேரம் ஆகும். இரண்டரைக்கு ஏறி முழுசும் சுற்றினால் ஷ்வேடகோனுக்கு இருட்டிவிடும். அதனால் டன்யிங்கோன் வரைக்கும் போய் இறங்குங்கள். காய்கறிச் சந்தை தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. மூட்டை மூட்டையாகக் கீரையும் பூவும் ரயிலில் ஏற்றுகிற வேகத்தைப் பார்த்தால் நீங்களே ஒரு கை கொடுப்பீர்கள். அங்கிருந்து டாக்சி பிடித்துத் திரும்பலாம். ரயில் நேரம் அடிக்கடி மாறுகிறது, முந்தின நாள் நிலையத்தில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், இணையத்தில் கிடக்கிற பழைய அட்டவணையை நம்பவேண்டாம்.

சோ_செயின்:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளி முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

சோ_செயின்:

வந்துவிட்டேன். வயிறு இன்னும் நிறைந்துதான் இருக்கிறது.

காலையில் ஆறரைக்குச் சொன்னது, ஆறே காலுக்கே ஏழு பேர் நின்றார்கள், டீக்காசு பயம். மொயிங்காக்காரம்மாவிடம் ஃப்ளாஸ்கைக் காட்டி எங்களில் இரண்டு பேருக்கு இந்த சூப், சேமியா மட்டும் கொடுங்கள் என்று கேட்டோம். கோபிப்பாரோ என்று நினைத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், கடலைமாவைச் சரியாக வறுத்திருக்கிறீர்கள் என்றார், சேமியாவுக்குக் காசு வாங்கினார், கிண்ணத்துக்கு வாங்கவில்லை. அந்தம்மா கையில் கத்தரிக்கோல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாத்து முட்டையைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து நாலு வெட்டு, பேஜோவுக்கு மூன்று வெட்டு, கொத்தமல்லிக்கட்டைப் பார்க்காமலே இரண்டு வெட்டு, கோல் கீழே வைக்குமுன் அடுத்த கிண்ணத்தில் சேமியா விழுந்திருக்கும். சென்னை அண்ணே, உங்கள் சூப்பை ஆறு பேரும் ருசி பார்க்கிறேன் என்று ஆரம்பித்து சைவக்காரிகளுக்கு அரைக் கிண்ணம்தான் மிஞ்சியது. அவர்கள் தோசை வண்டிக்கும் போனார்கள். அக்கா சொன்னபடி மூலை பிடித்தது எவ்வளவு நல்லதாயிற்று.

படகில் கடற்காக்கைகள் வந்திருந்தன. தீனிப் பொட்டலம் விற்கிற பையனிடம் வாங்கினோம், பொட்டலத்தில் பாதியை நானாவே தின்றார். டல்லாவில் இறங்கி டீ. திரும்பும் படகு கொஞ்சம் தாமதம், ஆனால் ஜும்மாவுக்கு நேரம் இருந்தது.

மதியம்தான் சறுக்கல். நாங்கள் போன டான்பௌ கடையில் கோழிக்கால் முடிந்துவிட்டது, எல்லாம் நெஞ்சுக்கறி. முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கணும். எட்டுத் தட்டு என்பது கடைக்காரருக்குச் சின்ன ஆர்டர் இல்லை.

ரயிலில் சனுவின் மக்கின் டப்பாவைத் திறந்தோம். எதிர்ப் பலகையில் முருங்கைக்கீரைக் கட்டுகளோடு ஒரு பாட்டி. மரியாதைக்கு நீட்டினோம், இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார், ஒன்றைத் தின்றார், ஒன்றைப் பேரனுக்கு என்று இலையில் சுற்றினார். முட்டை போடவில்லையா என்று கேட்டார். போடவில்லை என்றோம். போடணும் என்றார்.

ஷ்வேடகோனில் ராகு மூலையில் கூட்டம் குறைவு, சீக்கிரம் முடிந்தது. டீக்கடையில் நானா மேசையும் பிடித்து, எங்களுக்கு வேண்டியதையும் சொல்லிவைத்துவிட்டார், எல்லாருக்கும் என் பேரில் இருக்கிற சோ செயின், இனிப்பும் பாலும் தூக்கலான டீ. எனக்குச் சரி, கசப்பு டீ குடிக்கிறவர்கள் மூன்று பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்கள். டீக்காசு கட்டியவர் ஆறரைக்குச் சரியாக வந்த ஒருத்தர். எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தாராம்.

பெகுப்_பொண்ணு:

முட்டை போடணும் என்று அந்தப் பாட்டி சொன்னது சரிதான். சைவக்காரிகள் இல்லாத நாளில் போட்டுப் பார், வித்தியாசம் தெரியும்.

கடற்கரை_பர்மாக்காரர்:

அடுத்த முறை ஃப்ளாஸ்க் இரண்டு கொண்டுபோ தம்பி.

இன்செயின்_வாசி:

டன்யிங்கோனில் என்ன வாங்கினீர்கள்?

சோ_செயின்:

காலிஃப்ளவர். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒன்று. ஏன் என்று கேட்காதீர்கள், விலை கேட்டதும் கை தானாகப் போய்விட்டது. ஷ்வேடகோன் படியேறும்போது டாக்சிக்காரரிடமே விட்டுவிட்டு ஏறினோம், இறங்கி வந்தபோது எட்டும் பத்திரமாக இருந்தன.

தாட்டோன்_தம்பி:

சரி, ரங்கூன் ஜெயித்தது. என் பிறந்தநாள் ஜூனில், ஞாயிற்றுக்கிழமை. மோல்மேனில் டுரியான் அப்போதுதான் குவியும், மழையும் இருக்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை. யார் யார் வருகிறீர்கள்? காலைச் சாப்பாடு நான்தான் டகா.

சூலியா_நானா:

வருகிறேன். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் டுரியான் ஏற்றவிடமாட்டார்கள், அங்கேயே தின்று தீர்க்கிற மாதிரி ஆளைச் சேர்.

அனோரதா_வீதி:

முதலில் டுரியான் எத்தனை மணிக்குத் தின்பது என்று எழுது தம்பி, அப்புறம் பஸ்ஸைப் பார்க்கலாம்.